மஞ்சள் குளித்த கார்

மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு வேய்ந்த மூன்று அறை, ஒரு சமையற்கட்டு, தகரக் கொட்டகைக்குள் ஒரு பழைய அம்பாசிடர். அவ்வளவுதான்.

அங்கே குருவாக இருந்தவர் மரகதம்மாள். நாற்பது வயதுதான். சீடர்களில் ஒருவரான நாச்சிமுத்துவுக்கோ அறுபது தாண்டிவிட்டது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது ஆசிரமத்துக் காரும் அவர் பொறுப்புதான். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணா என்பார்.

ஒரு நாள் காலையில் நாச்சிமுத்து வந்து குருவின் எதிரே உட்கார்ந்தார்.

“ஒரு சந்தேகமுங்கம்மா.”

“சொல்லுங்கண்ணா.”

“கோத்தகிரியில என்ற பொண்ணு இருக்குதில்லீங்களா, பூங்கொடி. பையனுக்குக் காது குத்தறாளாம். வாங்கப்பான்னு கூப்பிட்டிருக்கா.”

“நல்ல சேதிதானே?”

“அவ கல்யாணத்துக்கே நான் போகலீங்க. எனக்குப் பிடிக்காத இடம். எட்டு வருஷம் ஆச்சு. வாராவாரம் போன் பண்ணுவா. மாத்திரை போட்டீங்களாப்பான்னு கேப்பா. போட்டேம்பேன். அங்க மழையான்னு கேப்பேன். ஆமாப்பான்னு சொல்லுவா. வெச்சுருவோம். அந்தக் கல்யாணப் பேச்சை அவளும் எடுக்கறதில்லை, நானும் எடுக்கறதில்லை.”

“சரி.”

“நேர்ல போய் உட்கார்ந்தா அந்தப் பேச்சு வந்தே தீருமுங்க. வந்தா, இருக்கிற போனும் நின்னு போயிருமோன்னு பயமா இருக்குது. உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு இங்கயே இருந்துக்கட்டுங்களா?”

குரு கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

“நம்ம வண்டி நேத்தும் வழியில கொதிச்சு நின்னுருச்சாமே?”

“ஆமாங்க. ரேடியேட்டரை யாரும் கழுவி வருஷக்கணக்காச்சு.”

“வாங்க, கழுவலாம்.”

கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்று நாச்சிமுத்துவுக்கு இருந்தது. ஆனாலும் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். குரு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

நாச்சிமுத்து ரேடியேட்டரின் அடியில் இருந்த திருகைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். செங்கல்லைக் கரைத்த மாதிரி துருத்தண்ணீர் வந்தது. அதன் பின்னாலேயே மஞ்சளாய், கூழ் போல, ஏதோ வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது.

ஆசிரமத்துக்குச் சமைக்கிற பாப்பாத்தியக்கா சமையற்கட்டு வாசலில் நின்றபடி அதைப் பார்த்துவிட்டார்.

“அடப் பாவி மனுசா! என்ற மஞ்சத்தூள் டப்பா மாசாமாசம் காலியாகறது இதுக்குத்தானா? சாம்பார் வெளுத்துக் கிடக்குதுன்னு என்னைய நக்கல் வேற பண்ணுவீங்க. இங்க கார் மஞ்சக் குளிச்சுட்டு நிக்குது!”

குருவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“என்னண்ணா இது?”

“ஒழுகுச்சுங்கம்மா. ஒரு பிடி மஞ்சத்தூளைப் போட்டா உள்ள போய் அடைச்சுக்கும். டிரைவருங்க எல்லாரும் செய்யறதுதானுங்க.”

“ஒரு பிடிதானா?” என்றார் பாப்பாத்தியக்கா.

“ஒழுகறப்பல்லாம் ஒரு பிடி.”

குரு ஹோஸ் குழாயை அடிவாயில் சொருகினார். வழக்கமாக இறங்குகிற வழியிலேயே தண்ணீர் எதிராக ஏறியது. மேல்வாயில் கலங்கிக் கலங்கி வழிந்தது. வெகுநேரம் கழித்துத் தெளிந்தது.

“முடிஞ்சுதுங்க.”

“தண்ணி நிரப்பி இன்ஜினைச் சூடு பண்ணுங்க.”

சூடேற்றி, ஆறவிட்டுத் திறந்தபோது, அதுவரை வராத அழுக்கெல்லாம் வந்தது. மறுபடி கழுவினார்கள். மறுபடி சூடேற்றினார்கள். பாப்பாத்தியக்கா இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தட்டுகளை மூடி வைத்தார். கடைசியில் கையில் பிடித்துக் குடிக்கலாம் போலத் தண்ணீர் வந்தது.

நாச்சிமுத்து சந்தோஷமாகப் புதுத் தண்ணீரை ஊற்றி மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். அடியில் ஒரு சொட்டு விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரை நனைந்துவிட்டது.

“போச்சுங்கம்மா. ஓடிட்டிருந்த வண்டியை நாமளே கெடுத்துட்டோம்.”

குரு மண்டியிட்டு, ஒழுகுகிற இடத்துக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினார். சொட்டுகள் அதில் விழுந்தன.

“எங்கெங்க ஒழுகுதுண்ணா?”

“இங்க ஒண்ணு. அந்த மூலையில ஒண்ணு.”

“முன்னாடியே தெரியுமா?”

“எங்கீங்க தெரியும்? எல்லாம் மஞ்சளுக்கு அடியில கிடந்துது.” நாச்சிமுத்து சமையற்கட்டைப் பார்த்தார். பாப்பாத்தியக்கா டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டார். “இன்னும் ஒரே ஒரு பிடி போட்டா நின்னுருமுங்கம்மா. பழையபடி ஓடும்.”

“எது வரைக்கும்?”

“டவுன் வரைக்கும் தாராளமாப் போகும்.”

“மலை ஏறுமா?”

நாச்சிமுத்து ஸ்பேனரை எடுத்து ரேடியேட்டரைக் கழற்ற ஆரம்பித்தார். ஈயம் வைத்து அடைக்கிற பட்டறை டவுனில் இருந்தது. தோளில் துண்டைப் போட்டு, அதன்மேல் ரேடியேட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார். வாசலில் நின்று திரும்பினார்.

“காது குத்துக்குப் போறேனுங்கம்மா. பேசவும் பேசறேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியலீங்க.”

“கொதிக்கிற வண்டியில இந்த மூடியை எப்படித் திறப்பீங்க?”

“எடுத்ததும் திறக்க மாட்டனுங்க. ஆற விடுவேன். அப்புறம் ஈரத்துணியைப் போட்டு, கால் திருகு திருகி நிறுத்துவேன். உள்ள இருக்கிற ஆவி வெளியில வரணுமில்லீங்களா?”

“சீறுமே?”

“சீறுமுங்க. நல்லாவே சீறும்.”

“அப்ப என்ன பண்ணுவீங்க?”

“ஒண்ணும் பண்ண மாட்டனுங்க. அது அடங்கற வரைக்கும் கையை எடுக்காம நிப்பேன்.”

“கோத்தகிரியிலயும் அப்படியே நில்லுங்கண்ணா” என்றார் குரு.