நிறுத்தக்கூடாத இரைச்சல்

“இந்தச் சத்தம் நிக்கணும். ஆனா மெஷின் நிக்கக்கூடாது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்கம்மா.”

மடத்துக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே நயினார் அண்ணாச்சி கேட்ட கேள்வி இது.

எங்கள் மடத்துக்கு எல்லாரும் அமைதியைத் தேடித்தான் வருவார்கள். இந்த மனுஷன் இரைச்சலைக் கையோடு கொண்டு வந்துவிட்டார். மடியில் ஒரு பழைய லேப்டாப். மூடி பாதி திறந்திருந்தது. உள்ளே என்னமோ கர்ரென்று சுற்றிக்கொண்டே இருந்தது. நடுநடுவே டக், டக் என்று ஒரு தட்டு வேறு.

காரிலிருந்து இறங்கும்போது அதை, தூங்குகிற பச்சைப்பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். துணிப்பையை வண்டியிலேயே மறந்துவிட்டார். நான்தான் ஓடிப்போய் எடுத்தேன்.

நான் கொம்பையா. மடத்தில் அடுப்படி என் பொறுப்பு. ஞானமெல்லாம் அம்மா பாடு, சாம்பார் என் பாடு.

அம்மா என்றதும் தள்ளாத வயசு என்று நினைத்துவிட வேண்டாம். நயினாரைவிட நன்றாகவே இளையவர். இசக்கித்தாய் என்று பெயர். ஊரே அம்மா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. பெரிய உபதேசமெல்லாம் கிடையாது. ஏதாவது கேட்டால் திருப்பி ஒரு கேள்வி கேட்பார். இல்லையென்றால் எழுந்து ஆட்டுக்குத் தழை போடப் போய்விடுவார்.

அன்றைக்கு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“நிறுத்தினா என்ன ஆகும் அண்ணாச்சி?”

அதற்கு நயினார் சொன்ன பதில் கீரை முழுவதும் உருவி முடிகிற வரைக்கும் போனது. நான் சுருக்கிச் சொல்கிறேன்.

அவருடைய சம்சாரம் ஆவுடை தை மாசம் தவறிப்போனார். போனைத் தூக்கிப் படம் பிடிக்கப் போனாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிற ரகமாம். கல்யாண வீடியோவில்கூட வாயைத் திறக்கவில்லையாம். ஒரே ஒரு தடவை, மஸ்கட்டில் இருக்கிற மகளோடு பேசுவதற்காக இவர் லேப்டாப்பில் மைக்கைச் சரிபார்த்தபோது, ஆவுடை ஏதோ பேசியது பதிவாகிவிட்டது. அவர் குரல் என்று உலகத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

லேப்டாப்போ அப்போதே கிழடு. ஆவுடை போன பிறகு இந்த டக் டக் வேறு சேர்ந்துகொண்டது. கம்ப்யூட்டர் கடைக்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்க் போகப் போகிறது என்றிருக்கிறார். ஒரு தடவை நிறுத்தினால் மறுபடி சுற்றுமா என்பது சந்தேகம். உள்ளே இருப்பதை வெளியே எடுக்கலாம், எடுக்கும்போதே சிக்கி நின்றாலும் நிற்கும், நான் பொறுப்பில்லை என்று கையை விரித்துவிட்டார்.

நயினார் அதை நிறுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அன்று முதல் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் படுத்தால் இரைச்சலில் தூக்கம் வரவில்லை. எழுந்து வேறு அறைக்குப் போனால் அப்போதும் தூக்கம் வரவில்லை.

அம்மா கீரைக் காம்புகளை ஒதுக்கினார்.

“அந்தம்மா அதுல என்ன பேசுதாங்க?”

“ஞாபகமில்லம்மா. ஏதோ ரெண்டு வார்த்தை.”

“போட்டுக் கேக்கலையா?”

“கேக்கப் போயி அது நின்னு போச்சுன்னா?”

அம்மா எழுந்தார். கீரை முறத்தை என் கையில் கொடுத்துவிட்டு என் காலைப் பார்த்தார்.

“கொம்பையா, அந்தச் செருப்பைக் கழட்டு.”

வாங்கி ஒரு மாசம்கூட ஆகாத ரப்பர் செருப்பு. குதிகால் பக்கமாக அரிவாள்மனையில் வைத்து நாலு துண்டு போட்டார். நயினாரின் அறைக்குப் போய், லேப்டாப்பை அவரையே மெல்லத் தூக்கச் சொல்லி, நாலு மூலைக்கும் ஒரு துண்டு வைத்தார். அந்த மேஜை உள்ளே கூடாக இருக்கும் மரப்பெட்டி. இத்தனை நேரமும் லேப்டாப்போடு சேர்ந்து அதுவும் அதிர்ந்துகொண்டிருந்திருக்கிறது. ரப்பர் வைத்ததும் மேஜை வாயை மூடிக்கொண்டது. சத்தம் பாதியாகிவிட்டது.

மறுநாள் காலை வெறுங்காலோடு பால் வாங்கப் போனவன் நான்தான். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நான் திரும்பி வரும்போது நயினார் அம்மா முன்னால் நின்றுகொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“சத்தம் குறைஞ்சிருக்கும்மா.”

“நல்லதாப் போச்சு.”

“பயமா இருக்கு. ஓடுதா, நின்னு போச்சான்னே தெரியல. எந்திரிச்சு எந்திரிச்சுக் கைய வச்சுப் பாக்கேன்.”

“அப்ப ரப்பரை எடுத்திருவமா?”

நயினார் யோசித்தார். எடுக்கவும் மனசு வரவில்லை, விடவும் மனசு வரவில்லை. இருக்கட்டும் என்று முனகிவிட்டு அறைக்குப் போய்விட்டார். அம்மா ஆட்டைப் பார்க்கப் போனார். என் செருப்புக்கு இனி விமோசனம் இல்லை என்று தெரிந்துகொண்டு நானும் அடுப்படிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு நயினாரை வெளியே பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. காலைத் தியானத்துக்கு வருவதில்லை. சாயங்காலம் எல்லாரும் கிணற்றடியில் உட்கார்ந்து பேசுவோம், அதற்கும் வருவதில்லை. அதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். மனுஷன் பந்திக்கே வருவதில்லை.

நான் தட்டை எடுத்துக்கொண்டு போவேன். வச்சிட்டுப் போ என்பார். மத்தியானம் போய்ப் பார்த்தால் காலையில் வைத்த இட்லி வைத்தபடி இருக்கும். ஆறி, ஓரம் காய்ந்து, ஈ மொய்த்து. சமையல்காரனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. உப்பு கூடிவிட்டது என்று ரெண்டு திட்டு திட்டினால்கூட வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் சண்டை போடுகிற எண்ணத்தோடுதான் உள்ளே போனேன். நயினார் மேஜைப் பக்கத்தில் உட்கார்ந்து, லேப்டாப் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

சண்டை தொண்டையோடு நின்றுவிட்டது. தட்டை வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். அவராகத்தான் பேசினார்.

“கண்ணை மூடினா முகம் வருது கொம்பையா. குரல் வரமாட்டேங்குது. எப்படி இருக்கும்னே மறந்து போச்சு. ஒரு நாள் விடாமக் கேட்ட குரல் அது.”

அதுதான் இதற்குள்ளே இருக்கிறதே என்றேன்.

“ஆமா, இருக்கு. போட்டுப் பாத்து அதுவும் இல்லன்னு ஆயிட்டா, அப்புறம் நான் எதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க?”

 வீட்டில் இருக்கிற என் சம்சாரத்துக்கு அன்றைக்குப் போன் போட்டேன். என்ன விசேஷம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மா பேசு என்றேன். குடித்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

அப்படியே நாள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பால்காரர் அந்தச் சேதியைக் கொண்டுவந்தார். நாளைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் கிடையாது. மாசாமாசம் வேலை பார்ப்பதற்காக நிறுத்துவார்களே, அதுதான். எங்களுக்கு அது பழகின விஷயம். மறுநாள் ராத்திரித் தோசைக்கு வேண்டிய மாவை அன்றைக்கே ஆட்டி வைத்தேன். தொட்டியில் தண்ணீர் ஏற்றினேன்.

நயினாருக்குச் சொன்னபோது முகம் செத்துவிட்டது. லேப்டாப்பின் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிசு.

விட்டுவிடுவாரா? என்னையும் இழுத்துக்கொண்டு அலைந்தார். மைக்செட்காரரிடம் ஜெனரேட்டர் இருந்தது. அது கோயில் கொடை விழாவுக்கு வெளியூர் போயிருந்தது. பக்கத்து ஊருக்குக் கொண்டுபோகலாம் என்றால் அங்கேயும் இதே லைன்தான். தூரமாகக் கொண்டுபோக அவருக்கே தைரியமில்லை. இங்கே வரும்போதே ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றுக்கும் அந்த டக் டக் கூடிக்கொண்டே வந்ததாம். இன்னொரு பயணத்தை அது தாங்காது.

கடைசியில் அம்மாவிடம் வந்து நின்றார். மின்சார ஆபீசில் ஒரு வார்த்தை பேசுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்று கெஞ்சினார்.

“நான் சொன்னா இந்த ஆடே கேக்காது அண்ணாச்சி. அவங்களா கேப்பாங்க?”

“அப்ப நான் என்னம்மா செய்ய?”

“காலையில குளிச்சிட்டு இருங்க. நான் வாரேன்.”

சொன்னபடியே வந்தார். நான் அப்போதுதான் எல்லாருக்கும் உப்புமா கிண்டி இறக்கியிருந்தேன். மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்து நின்றது. கரண்ட் போய்விட்டது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு நானும் அம்மா பின்னாலேயே போனேன்.

அம்மா மேஜைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பேட்டரி எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார். ஒரு மணி நேரம் காட்டுகிறது, ஆனால் நம்ப முடியாது என்றார் நயினார்.

அம்மா தலையை ஆட்டினார். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் மோட்டார் இல்லை, மிக்சி இல்லை, விசிறி இல்லை. மடம் முழுக்க அந்த ஒரு சத்தம்தான். கர்ர்ர். டக். கர்ர்ர். டக், டக்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. நயினார் பேட்டரியைப் பார்ப்பார், அம்மாவைப் பார்ப்பார், மறுபடி பேட்டரியைப் பார்ப்பார். அம்மாவோ கண்ணைக்கூட மூடவில்லை. டாக்டர் வரக் காத்திருக்கிறவர் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே பொறுக்கவில்லை. இந்தம்மா ஏதாவது ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று ஆத்திரமாக வந்தது.

நயினாருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

“ஏதாவது பேசுங்கம்மா” என்றார். குரல் உடைந்திருந்தது.

“நான் பேச வரல அண்ணாச்சி. அவங்க பேசுறதக் கேக்க வந்தேன்.”

 லேப்டாப்பின் ஒரு மூலையில் சிவப்பாக என்னமோ மின்ன ஆரம்பித்தது. நயினார் கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார். வேட்டியில் விரலைத் துடைத்தார். மறுபடி நீட்டி, அந்தப் பதிவின் மேல் அழுத்திவிட்டார்.

கர்ரென்ற சத்தம் ஒரு சுருதி ஏறியது. டக். டக். டக். டக். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் அப்படியே நின்றுவிட்டது.

“போச்சு” என்றார் நயினார்.

அம்மா அசையவில்லை. 

திடீரென்று ஒரு ஆம்பளைக் குரல், பெரிதாக. நயினாரின் குரல்தான்.

“ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏ ஆவுடை, இங்க வா. பதிவாகுதான்னு பாப்போம், ஏதாவது பேசு.”

குரலுக்குப் பின்னால் கர்ரென்று இதே இரைச்சல், இன்னும் வாலிபமாக. ஒரு பாத்திரம் இடறும் சத்தம். அதற்கும் அப்பாலிருந்து, கிட்டத்தில் வர மனசில்லாத ஒரு பொம்பளைக் குரல். கொஞ்சம் கரகரப்பு. கொஞ்சம் சிரிப்பு.

“என்னத்தப் பேச? அந்தச் சனியன நிறுத்திட்டு வாங்க. தோச ஆறுது.”

“ஒரு நிமிசம்.”

“ஒரு நிமிசமாம். எப்பப் பாத்தாலும் அதுமேல கைய வச்சுக்கிட்டு. வாரியளா, இல்ல நாய்க்குப் போடவா?”

நயினார் சிரிக்கிற சத்தம். அவ்வளவுதான். பதிவு முடிந்துவிட்டது.

டிஸ்க் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பேட்டரியிலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க எனக்கே ஆசையாகிவிட்டது. மறுபடி போடுங்கள் அண்ணாச்சி என்று சொல்லியும் விட்டேன்.

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு, வீட்டில் திட்டு வாங்கினவனுக்கு வருமே, அந்தச் சிரிப்பு. இத்தனை நாளும் லேப்டாப் மேலே வைத்திருந்த தன் கையை ஒரு தடவை பார்த்தார்.

பிறகு பொத்தானில் விரலை வைத்து, அழுத்திப் பிடித்தார்.

கர்ரென்ற சத்தம் இறங்கியது. மெலிந்தது. இன்னும் மெலிந்தது. நின்றுவிட்டது.

வெளியே ஆடு கத்தியது கேட்டது.

நயினார் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் வெளியே நடந்தார். கிணற்றடியைத் தாண்டி, தியானக்கூடத்தைத் தாண்டி, நேரே என் அடுப்படிக்குள் போய், அடுப்புக்கு எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன்.  தட்டை எடுத்து, ஆறிப்போயிருந்த உப்புமாவில் கரண்டியைப் போட்டேன்.

அம்மா வாசற்படியில் நின்றிருந்தார். என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

கரண்டியை வைத்துவிட்டேன். ராத்திரிக்கு என்று மூடி வைத்திருந்த மாவை எடுத்தேன். தோசைக்கல்லை அடுப்பில் போட்டேன்.