ஒருத்தனும் மோதாத அரக்கன்

புதிதாக வந்தவளை முதல் சண்டையிலேயே சாகடிப்பதெல்லாம் ஒரு ஆட்டமா? பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டை நடத்துகிற தண்டபாணி அதைத்தான் செய்யப் பார்த்தான். பரிமளாவின் வீராங்கனை பலத்தில் முதல் படியில் நிற்கிறாள், கையில் வெறும் உலக்கை. எதிரே இருபதாம் படி அரக்கன்!

"செத்தா எழுந்து போயிடணும்மா. மறுபடி சேத்துக்க மாட்டேன்."

"எனக்கு மட்டும் ஏண்ணே முதல் படி?"

"சண்டை போட்டாத்தான் படி ஏறும். எல்லாருக்கும் ஒரே விதி!"

"இந்த அரக்கன் யாரோடெல்லாம் மோதியிருக்கான்?"

"மோதுறதா? இவன் பேரைக் கேட்டாலே படையெல்லாம் ஓடிடும். இன்னிவரைக்கும் ஒருத்தனும் கிட்ட வந்ததில்ல!" என்று மீசையை முறுக்கினான்.

"அப்போ இவனும் சண்டையே போடாதவன்தானே? முதல் படிக்கு இறக்குங்கண்ணே."

சுற்றி இருந்தவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். தண்டபாணி பல்லைக் கடித்துக்கொண்டு அரக்கனின் சீட்டில் இருபதை அழித்து ஒன்று என்று எழுதினான். பரிமளா நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுப் பகடையை எடுத்தாள். இப்போதல்லவா அது சண்டை!