இடது கால் சுருட்டு

கொள்ளிடக் கரையோரம் நெய்வாசல் என்று ஓர் ஊர். அங்கே சங்கிலிமுத்துப் பிள்ளை சுருட்டுக் கம்பெனி வைத்திருந்தார். அவர் மனைவி மங்களவல்லிக்கு மூன்று தம்பிகள்: பூவலிங்கம், திருமேனி, ஆவுடையப்பன். ஒரு பொங்கலுக்கு அக்காவைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள். எந்தப் பொங்கல் என்பதுதான் யாருக்கும் ஞாபகமில்லை.

மூவரும் தங்கமானவர்கள். சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அதுதான் பிள்ளைக்குப் பெரிய தொல்லை.

அந்த வருஷம் பிள்ளை நல்ல இலையாகப் பொறுக்கி, பதமாக ஊறவைத்து, நாள்பட மூடிவைத்து, உசத்தியான ஒரு சுருட்டைச் சுற்றினார். மாதிரிக்கு அந்த ஒன்றுதான். அதைப் பார்த்துச் சரக்கு வாங்க ஞானப்பிரகாசம் என்ற பட்டணத்து வியாபாரி வருவதாக இருந்தது. வருகிற அன்று பார்த்துப் பிள்ளைக்குச் சளி பிடித்துக்கொண்டது. மூக்கு அடைத்து, நாக்கு மரத்து, மிளகு ரசம்கூட வெந்நீராகத் தெரிந்தது. சரக்கின் சுவை என்ன என்று வியாபாரி கேட்டால் என்ன சொல்வது?

வேறு வழியில்லாமல் மைத்துனர்களைக் கூப்பிட்டார்.

"மாப்ளைகளா, இந்தச் சுருட்டுல முதல் பாகம் ஒரு சுவை, நடுப்பாகம் ஒரு சுவை, கடைசிப் பாகம் ஒரு சுவை. நல்ல சரக்குன்னா தோல் வாசனை வரும், மண் வாசனை வரும், பழைய மரத்து வாசனை வரும். எது எங்கே வருதுன்னு பாருங்க. புகையை விழுங்கக் கூடாது, வாயிலேயே வெச்சுக்கணும். தெரியாத சுவையத் தெரிஞ்ச மாதிரி சொல்லக் கூடாது. இங்கே பிடிச்சா எனக்கு இருமும். தோப்புக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. சரியாச் சொன்னா இந்த வீட்டுச் சாப்பாடு உங்களுக்கு எப்பவும் உண்டு. சொதப்பினீங்க, சாயங்கால பஸ்ஸுல மூணு பேரும் ஊருக்கு."

ஊருக்குப் போக மூவருக்கும் மனசே இல்லை. அக்கா வைக்கும் வற்றல் குழம்பு அப்படி.

தோப்பில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"அண்ணே, தோல் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?" என்றான் திருமேனி.

"தின்னதில்லையே" என்றான் பூவலிங்கம்.

"அப்ப எப்படிச் சொல்லுவே? தெரியாததைச் சொல்லக் கூடாதுன்னு அத்தான் சொல்லியிருக்காரு."

நியாயம்தான் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். ஆளுக்கொரு சுவையைப் படிப்பது என்று தீர்மானமாயிற்று. வீட்டுக்கு ஓடினார்கள். பூவலிங்கம் வாசலில் கிடந்த அத்தானின் புதுத் தோல் செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டான். அது இடது கால் செருப்பு. திருமேனி முருங்கை மரத்தடியில் ஒரு கை மண் அள்ளினான். ஆவுடையப்பன் அடுப்படியில் இருந்த பழைய மோர் மத்தைத் தூக்கிக்கொண்டான்.

தோப்புக்குத் திரும்பி, மூன்று பேரும் பொறுமையாக மென்றார்கள். செருப்புதான் கொஞ்சம் நேரம் பிடித்தது.

பிறகு சுருட்டை மூன்று துண்டாக நறுக்கினார்கள். முதல் பாகம் மூத்தவனுக்கு, நடுப்பாகம் நடுவிலுள்ளவனுக்கு, கடைசிப் பாகம் கடைக்குட்டிக்கு.

ஆவுடையப்பன் தன் துண்டைப் பற்றவைக்கப் போனான்.

"தம்பி, என்ன அவசரம்? கடைசிப் பாகம் கடைசியிலதான் வரும்" என்றான் பூவலிங்கம்.

"அதுவரைக்கும் நான் என்ன பண்ண?"

"மத்தை மெல்லு."

அப்படியே ஒருவர் பின் ஒருவராகப் பிடித்து முடித்தார்கள். ஆளுக்கு ஒரு வாய்ப் புகையைச் சேர்த்து, உதட்டை இறுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். எதிரே வந்த பூக்காரம்மா, "என்ன தம்பிகளா, மூணு பேருக்கும் ஒரே நாள்ல பல்வலியா?" என்று கேட்டாள். வாயைத் திறக்க முடியாததால் மூவரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்தால் வியாபாரி ஞானப்பிரகாசம் அதற்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை ஒற்றைச் செருப்போடு அவர் எதிரில் நின்றிருந்தார்.

"மாதிரிச் சுருட்டு எங்கே?" என்றார் வியாபாரி.

பூவலிங்கம் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினான். மற்ற இருவரும் அவரவர் கன்னத்தைக் காட்டினார்கள்.

"வாயைத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்" என்று பிள்ளை பல்லைக் கடித்தார்.

அத்தான் சொல்லைத் தட்டலாமா? மூன்று வாயும் ஒரே சமயத்தில் திறந்தன. வியாபாரியின் தலை புகைக்குள் மறைந்துபோனது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். மங்களவல்லி உள்ளே போய்த் தம்பிகளின் துணிமணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

புகைக்குள்ளிருந்து வியாபாரியின் குரல் வந்தது. "ம்... என்ன சுவை இதெல்லாம்?"

"முதல் பாகம் தோலுங்க. புதுத் தோல், கொஞ்சம் வேர்வை உப்பு" என்றான் பூவலிங்கம்.

"நடுவுல மண்ணு. முருங்கை மரத்தடி ஈர மண்ணு" என்றான் திருமேனி.

"கடைசியில பழைய மரங்க. லேசா மோர் புளிப்பு" என்றான் ஆவுடையப்பன்.

வியாபாரி எழுந்து நின்றுவிட்டார். "பிள்ளைவாள், நானும் எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன். இப்படி நாக்கு யாருக்கும் கிடையாது. தோல், மண், மரம், அதுக்கு மேல மோர்! ஆயிரம் பெட்டி எனக்கு வேணும். ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன், இந்தச் சுவை கொஞ்சம்கூட மாறக் கூடாது."

பிள்ளைக்குச் சளியே இளகிவிட்டது. மங்களவல்லி மூட்டையை அவிழ்த்துவிட்டு வற்றல் குழம்புக்குப் புளி கரைத்தாள். வியாபாரி அன்று அங்கேயே தங்கினார்.

தம்பிகளுக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை.

"ஆயிரம் பெட்டிக்கு ஒரு செருப்பு எப்படிக் காணும்?" என்றான் பூவலிங்கம்.

"அதுலயும் பாதியை நீ தின்னுட்டே" என்றான் திருமேனி.

மறுநாள் காலை பிள்ளை வீட்டுக்கு எதிரே இருந்த கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம். தாலி கட்டி முடிந்து, ஊரே பந்தியில் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தது. வாசலில் எல்லாமே வலது கால் செருப்பு. மாப்பிள்ளைக்குக்கூட ஒன்றுதான் மிச்சம். தம்பிகள் மூவரும் சாக்கோடு போனதைப் பார்த்த பூக்காரம்மா கை காட்ட, எல்லோரும் அதை மாட்டிக்கொண்டு, நொண்டியபடி பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

சத்தம் கேட்டு வெளியே வந்த வியாபாரியின் காலிலும் ஒரே ஒரு ஷூதான் இருந்தது.

பின்கட்டில் மூன்று தம்பிகளும் ஆளுயரக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து, புகையிலையோடு சேர்த்துச் செருப்பு நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை அவர்களைத் திட்ட வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

பூவலிங்கம் வியாபாரியைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "கவலைப்படாதீங்க ஐயா. உங்க ஷூவைக் கண்டதோட கலக்கலை. உசத்தித் தோலு. பெரிய மனுஷங்க பெட்டிக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கோம்."

வியாபாரி குவியலைப் பார்த்தார். நறுக்கின துண்டு ஒன்றை எடுத்து முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். பிறகு குனிந்து, மிச்சமிருந்த வலது கால் ஷூவையும் கழற்றி மரியாதையாக நீட்டினார்.

பூவலிங்கம் கை கூப்பினான்.

"மன்னிக்கணுங்க, அது சேராது. சுவை மாறக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"