நல்லவர்கள் ஏறிய படகு

“சாமி, வெள்ளத்துல செத்தவங்க எல்லாரும் கெட்டவங்கதானா?”

ஆற்றங்கரை மடத்துச் சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

கேட்டவர் பூவலிங்கம். உலகத்துச் சமயங்களை எல்லாம் ஒப்பிட்டுப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர். வயதில் சாமியைவிட மூத்தவர். ஆனாலும் சீடர். அத்தனை படித்தவருக்கு அந்த அடக்கம் லேசில் வராது.

“யாரு கேட்டா?”

“பேத்தி.”

போன மழைக்கு ஆறு ஊருக்குள் வந்தது. பூவலிங்கத்தின் மகள் அதில் போனாள். அவள் பெற்ற முல்லைக்கொடி மட்டும் மிஞ்சினாள்.

“வெள்ளம் ஏன் தாத்தா வருதுன்னு கேட்டா, சாமி. உலகம் முழுக்கத் தண்ணி வந்துது, கடவுள் நல்லவங்களை மட்டும் படகுல ஏத்தினாருன்னு சொல்லிட்டேன்.”

தாயைப் பறிகொடுத்த பிள்ளையிடம் சொல்கிற பதிலா அது? படித்தவர் புத்தி சில நேரம் இப்படித்தான் வேலை செய்யும்.

“‘அப்ப எங்கம்மா கெட்டவளா?’ன்னு கேட்டா. அன்னையிலேருந்து எங்கூடப் பேச மாட்டேங்கா.”

“வேற கதை இல்லையா?”

“எல்லாத்தையும் தேடிட்டேன். பைபிள்ல நோவா, குர்ஆன்ல நூஹ் நபி, நம்ம பக்கம் மனு. எல்லாத்துலயும் படகுல ஏறினவன் நல்லவன். பாபிலோன் கதையில மனுஷங்க போட்ட சத்தத்துல தேவனுக்குத் தூக்கம் கெட்டுப்போச்சாம். அதுக்கு வெள்ளம்.”

“சத்தம் போட்டதுக்கா? அப்ப நம்ம மடத்துப் பஜனைக்கு என்னைக்கோ வந்திருக்கணும்.”

பூவலிங்கம் சிரிக்கவில்லை.

சாமி கீரையைக் கீழே வைத்தார்.

“தண்ணி வடிஞ்சதும் என்ன ஆச்சு?”

“இறங்கினாங்க. கடவுளைக் கும்பிட்டாங்க. பிள்ளைகுட்டி பெத்தாங்க. உலகம் மறுபடி ஆரம்பிச்சுது.”

“படகு?”

“மனுவோடது இமயமலையில. நோவாவோடது அரராத் மலையில. நூஹ் நபியோடது ஜூதி மலையில...”

“தரை தட்டிச்சு, சரி. அப்புறம்?”

பூவலிங்கம் யோசித்தார். இத்தனை வருஷப் பாடத்தில் ஒரு மாணவன்கூட இதைக் கேட்டதில்லை.

“அப்புறம் அதைப் பத்திப் பெருசாப் பேச்சே இல்லை, சாமி.”

“அம்புட்டுப் பேரையும் கரை சேத்துச்சு. அந்தப் படகுக்கு என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கலையா?”

“கேக்கலை.”

சாமி ஆற்றின் பக்கம் திரும்பினார்.

“உங்க பேத்தி எப்படிப் பிழைச்சா?”

அதைப் பூவலிங்கம் யாரிடமும் சொன்னதில்லை.

“அவ அம்மா தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கா. தண்ணி கழுத்துக்கு வந்துட்டு. மாடியில நின்னவங்க குனிஞ்சு பிள்ளையை வாங்குற வரைக்கும் கையைத் தாழ்த்தவே இல்லை. பிள்ளை கை மாறினதும்...”

உடைந்து அழுதார். மகள் போனதிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அது. சாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் அழுது ஓய்ந்த பிறகு சாமி மெல்லக் கேட்டார்.

“இந்தக் கதையைப் பிள்ளைகிட்ட சொன்னீங்களா?”

பூவலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பினார்.

வீட்டில் முல்லைக்கொடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவர் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார்.

“ஒரு ஊர்ல வெள்ளம் வந்துது. ஒரே ஒரு பிள்ளைக்காக ஒரு படகு வந்துது.”

முல்லைக்கொடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தண்ணி ஏற ஏற, அந்தப் படகு பிள்ளையை மேல மேல தூக்கிச்சு. மாடியில நின்னவங்க வாங்குற வரைக்கும் கீழே விடவே இல்லை.”

குழந்தை திரும்பினாள்.

“படகுக்குப் பேர் உண்டா?”

“உண்டு. வடிவு.”

“அது எங்கம்மா பேருல்லா!”

அவர் தலையாட்டினார்.

முல்லைக்கொடி எழுந்து வந்து அவர் மடியில் உட்கார்ந்தாள்.

“முதல்லேருந்து சொல்லு, தாத்தா.”