செருப்புகள் கிடக்கும் இடம்

“டீச்சர், எங்க மேனேஜர் இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் குடுத்தாருங்க. நாலே வரி. அதுல ரெண்டு தப்பு!”

பொங்கியண்ணன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. ஐம்பத்திரண்டு வயது. சாயப்பட்டறையில் பாய்லர் ஓட்டுபவர். மேலாளரின் இலக்கணத்தில் பிழை கண்டுபிடிக்கும் நாள் தன் வாழ்வில் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

அஸ்மா டீச்சருக்கு இருபத்தேழு வயது. டயர் கடை மாடியில் மாலைநேர ஆங்கில வகுப்பு நடத்துகிறாள். மற்றவர்கள் இன்னும் வரவில்லை.

“காட்டுங்கண்ணா.”

நீட்டினார். பொங்கியண்ணனே சொல்வதுபோல் ‘இஃப் ஐ வாஸ் கேர்ஃபுல்’ என்று தட்டச்சு செய்திருந்தது. நான் கவனமாக இருந்தால் விபத்து நடக்காது என்று அந்த வரி போயிற்று. ‘வாஸ்’ கோடு போட்டு அடிக்கப்பட்டு, மேலே சிவப்பு மையில் ‘ஹேட் பீன்’ ஏறியிருந்தது. கவனமாக இருந்திருந்தால்.

“பாய்லர் வால்வு தெறிச்சு ஒம்பது நாளாச்சுங்க. முடிஞ்சுபோன சங்கதிக்கு வாஸ் போட்டிருக்காரு பாருங்க.”

“சரி. இன்னொண்ணு?”

“கடைசி வரிங்க. நிர்வாகம் என்னை மன்னிக்கணும்னு கேக்கறது. ‘ஃபர்கிவ்ஸ்’னு போட்டிருந்தாரு. கோரிக்கை வெச்சா வினைச்சொல்லுக்கு ‘ஸ்’ங்கற வால் இருக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. வாலை வெட்டிட்டனுங்க.”

இந்த வால் விஷயத்தில் பட்டம் வாங்கியவர்களே சறுக்குவார்கள். அஸ்மா இரண்டு முறை படித்துப் பார்த்தாள்.

“நூத்துக்கு நூறு.”

சிவப்புப் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அதற்கென்றே அன்று வாங்கிய பேனா.

“அப்பச் சரிங்க. நல்லா எழுதிக் கையெழுத்துப் போட்டு, காலையில குடுத்தர்றேன். குடுத்தா வேலை இருக்குமாம். இல்லாட்டிக் கெளம்பச் சொல்லிட்டாரு. இருபத்திரண்டு வருஷங்க, டீச்சர்.”

“குடுக்கலாம். ஆனா வகுப்பு விதி மறந்துபோச்சா?”

அந்த வகுப்பில் எந்த வாக்கியத்தையும் உட்கார்ந்து சொல்லக் கூடாது. அதற்குரிய இடத்தில் நின்று சொல்ல வேண்டும். நடந்து முடிந்தது என்றால் கரும்பலகை அருகே. நடப்பது அறையின் நடுவே. நடக்கப்போவது ஜன்னலோரம். நடக்கவே நடக்காதது, ‘இருந்திருந்தால்’ என்று மட்டும் சொல்லக்கூடியது, அதற்கு உள்ளே இடம் கிடையாது. வாசலைத் தாண்டிப் போய், செருப்புகள் கிடக்கும் இடத்தில் நிற்க வேண்டும். இலக்கண நூல்கள் நாற்பது பக்கத்தில் குழப்புவதை அந்த அறை நாலு அடியில் முடித்துவிடும்.

போன வாரம் ‘நான் மேனேஜராக இருந்தால்’ என்று சொல்லிவிட்டு அங்கே நின்றவர் பொங்கியண்ணன்தான். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

“சின்னதா ஆரம்பிப்போம். அன்னைக்குக் காலையில என்ன செஞ்சீங்க?”

அவர் கரும்பலகை அருகே போய் நின்றார்.

“ஐ செக்டு த வால்வ்.”

“அப்புறம்?”

“ஐ டோல்ட் த மேனேஜர். வால்வ் லீக்கிங்.”

ஒரு வினைச்சொல் காணவில்லை. அஸ்மா முதல் முறையாக அதைத் தேடாமல் விட்டாள்.

“எத்தனை தடவை சொன்னீங்க?”

“த்ரீ டைம்ஸ்.”

“அவர்?”

“ஆர்டர் நிக்குது, ஓட்றான்னாருங்க.”

“இங்கிலீஷ்ல.”

“ஹி செட், ரன்.”

“இப்ப எங்க நிக்கறீங்க?”

“போர்டுகிட்டங்க.”

“லெட்டரைப் படிங்க.”

‘இஃப் ஐ ஹேட் பீன் கேர்ஃபுல்’ என்று தொடங்கியதுமே கால்கள் பழக்கத்தில் வாசலை நோக்கி நடந்தன. வாசற்படியில் ஒரு காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

கீழே அவருடைய செருப்பு கிடந்தது. ஒன்று கவிழ்ந்திருந்தது.

காகிதத்தைப் பார்த்தார். கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

“டீச்சர், என்ற கவனம் இங்கியா நின்னுச்சு?”

“அது நடக்கவே நடக்காததுன்னுதான் லெட்டர் சொல்லுது.”

“போர்டுகிட்ட நின்னுட்டுத்தானுங்களே வந்தேன்.”

“அது வேற வாக்கியம். இதுக்கு இடம் வெளிய. போங்க.”

தூக்கிய கால் உள்ளேயே இறங்கியது.

“மாட்டனுங்க.”

“மார்க் போயிரும்.”

“போவட்டும்.”

“வேலை?”

கீழே டயர் கடையில் யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அன்னைக்கு எங்கூட வேலை பாத்த ராசாத்தி கையி முழங்கை வரைக்கும் வெந்து கெடக்குது, டீச்சர். நாந்தான் சேலையைப் போர்த்தித் தூக்கிட்டுப் போனேன். ‘நீ சொல்லியும் அந்தாளு கேக்கலியே’ன்னுதான் அழுதா. நான் போயி இந்தச் செருப்புக்குள்ள நின்னன்னா, அவ மூஞ்சியில எப்பிடி முழிக்கறது?”

அஸ்மா மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, கரும்பலகை அருகே இருந்த பெஞ்சின் மேல் வைத்தாள்.

மறுநாள் காலை மேலாளர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

“என்னய்யா இது? நான் குடுத்த லெட்டர் எங்க?”

“இதுதானுங்க என்ற லெட்டரு.”

‘ஐ டோல்ட் யூ த்ரீ டைம்ஸ். யூ செட் ரன்.’ அதன் கீழே முழுப்பெயரில் கையெழுத்து.

“இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமாய்யா உனக்கு? இதைக் குடுத்துட்டு நாளைக்கு நீ எங்க நிப்பேன்னு தெரியுமா?”

பொங்கியண்ணன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மேசை மேல் அவர் பக்கமாக வைத்தார்.

“தப்பிருந்தாத் திருத்துங்க சார்.”