நாச்சிமுத்து வைத்த ஈயம்

"அம்மணி, மூணைக் கொன்னுட்டேன்."

நாச்சிமுத்து பட்டறை வாசலிலேயே நின்று இதைச் சொன்னார். ஒரு காரின் பானட்டுக்குள் தலையை விட்டிருந்த சுகந்தி தலையை வெளியே எடுக்கவில்லை.

"எதைங்கண்ணா?"

"சென்சாரை."

"நாலாவது நானுங்க," என்றாள் அவருக்குப் பின்னால் நின்ற ஜெயசீலி. "நாளைக்குக் காலையில எனக்குச் சங்கு ஊதிருவாங்க."

சுகந்தி நிமிர்ந்தார்.

குரு என்றால் தாடி, சீடன் என்றால் அரும்பு மீசை என்று எதிர்பார்ப்பது நம் வழக்கம். இங்கே குருவுக்கு வயது முப்பத்து நான்கு. தாடி சீடரிடம் இருந்தது, அதுவும் நரைத்து. நாச்சிமுத்து கார்புரேட்டர் காலத்து மெக்கானிக். கார்களுக்கு மூளை முளைத்த பிறகு அந்த மூளையோடு பேசக் கற்றுக்கொள்ள, பொள்ளாச்சி சாலையில் இருக்கும் இந்தப் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்தார்.

கொலையுண்டது ஆக்சிஜன் சென்சார். சைலன்சர் குழாய்க்குள் மூக்கை நீட்டிப் புகையை முகர்ந்து, பெட்ரோல் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று காரின் மூளைக்குக் கோள் சொல்கிற, கட்டைவிரல் பருமன் சாமான். கம்பெனிச் சாமான் வாங்கினால் ஜெயசீலியின் ஒரு மாத வியாபாரம் போய்விடும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் யுனிவர்சல் சாமான் கால்வாசி விலைதான். ஆனால் அதற்குத் தலை கிடையாது. நான்கு ஒயர்கள் மொட்டையாகத் தொங்கும். பழைய சென்சாரின் பிளக்கை வெட்டியெடுத்து இதோடு சேர்க்க வேண்டும். பிள்ளையாருக்கு நடந்த அதே சிகிச்சை. அங்கே தலை புதிது, இங்கே உடம்பு புதிது.

"கம்பெனிச் சாமான் எதுக்குப் புள்ள, காசைக் கரியாக்காதே, நான் பாத்துக்கறேன்," என்று ஜெயசீலிக்கு வாக்குக் கொடுத்தவர் நாச்சிமுத்து.

அவளுடைய காருக்குப் பதினைந்து வயது முடிந்திருந்தது. மறுநாள் காலை ஆர்.டி.ஓ. ஆய்வில் புகை தேறினால் இன்னும் சில வருடம் ஓடலாம். தேறாவிட்டால் காயலான் கடை. டிக்கியைத் திறந்துவைத்துச் சந்தை சந்தையாக நைட்டி விற்பவள் அவள். கார் போனால் கடையும் போன மாதிரி.

"புகை எப்படி?" என்றார் சுகந்தி.

"கன்னங்கரேல்னு வருதுங்க. புதுசு மாட்டுனதும் நல்லாத்தான் இருக்குது. அப்பறம் பெட்ரோல் பத்தல, பத்தலைன்னு கத்த ஆரம்பிச்சிருது. மூளையும் அதை நம்பி ஊத்து ஊத்துன்னு ஊத்துது."

"ஒயரை எப்படிச் சேர்த்தீங்க?"

கல்யாணச் சமையல்காரரிடம் உப்புப் போட்டீர்களா என்று கேட்டது போல நாச்சிமுத்து குருவைப் பார்த்தார். அவர் இளவயதில் ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயம் வைத்துப் பழகியவர். அவர் பற்றவைத்த ஜாயிண்ட் பிரிந்து வந்ததாகச் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் சொன்னதில்லை. சுகந்தி ஒயர் சேர்ப்பதைப் பற்றிப் பாடம் நடத்திய ஞாயிற்றுக்கிழமை, "இதைப் போயி எனக்குச் சொல்லித் தர்றதா," என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

"முதல் சென்சாருக்கு ஈயம் வெச்சேன். ஒரு வாரத்துல போயிருச்சு. ஈரம் எறங்கியிருக்கும்னு ரெண்டாவதுக்கு ஈயத்து மேல ரப்பர் உறை போட்டேன். அது அதைவிடச் சீக்கிரம் போயிருச்சு. மூணாவதுக்கு உறை ரெண்டு முனையிலயும் பசையும் வெச்சு அடைச்சேன்."

"அது?"

"ஒரே நாள்."

"மாத்திரை சாப்பிடச் சாப்பிட வியாதி ஏறுன கதை," என்றாள் ஜெயசீலி.

"நீ சும்மா இரு புள்ள."

சுகந்தி டார்ச்சை வாங்கிக்கொண்டு காரின் அடியில் சரிந்து படுத்தார். நாச்சிமுத்துவும் சிரமப்பட்டுப் படுத்தார். நான்கு ஜாயிண்டுகள், அச்சில் வார்த்தது போல ஒரே அளவு. தண்ணீர் என்ன, எறும்பின் யோசனைகூட அதற்குள் நுழைய முடியாது. சுகந்தி ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"அழகா இருக்குதுங்கண்ணா."

இருட்டிலும் நாச்சிமுத்துவின் தாடி நிமிர்ந்தது தெரிந்தது.

சுகந்தி இடுப்பிலிருந்து கட்டரை உருவி முதல் ஒயரை ஜாயிண்டுக்குப் பக்கத்தில் வெட்டினார்.

டக்.

"அம்மணி!"

நாச்சிமுத்து எழப் போய் நெற்றியை இடித்துக்கொண்டார். வலி தெரியவில்லை. வெட்டியது தன் விரலையா என்று ஒரு கணம் அவருக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

"அதுல என்ன குத்தங் கண்டீங்க?"

"குத்தமே இல்லீங்கண்ணா. வெளிய வாங்க."

வெளியே வந்தார்கள். சுகந்தி கையைத் துடைக்காமல் அவர் எதிரில் நின்றார்.

"பட்டறையில பெட்ரோல் வாசம் அடிக்குதுங்களா?"

"குப்புன்னு அடிக்குது. அதுக்கென்ன இப்ப?"

சுகந்தி கிரீஸ் படிந்த உள்ளங்கையை அவருடைய மூக்கோடு வாயோடு வைத்து அழுத்தினார்.

கட்டிய மனைவிகூடப் பத்துப் பேர் எதிரில் நாச்சிமுத்துவின் முகத்தைத் தொட்டதில்லை. அவர் சிலையாகிவிட்டார்.

"ஐயோ, மாதாவே!" என்றாள் ஜெயசீலி.

"இப்ப வாசம் அடிக்குதுங்களா?"

நாச்சிமுத்து கண்ணை உருட்டினார்.

"இப்ப?"

கை விலகவில்லை. சீடரின் கை காற்றில் துழாவியது. கால் ஒரு ஸ்பானரை உதைத்தது. முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது.

"விடுங்கக்கா, எனக்கு வாக்குக் குடுத்த ஆளு போயிருவாரு!"

சுகந்தி கையை எடுத்தார்.

நாச்சிமுத்து உலகத்துக் காற்றையெல்லாம் ஒரே இழுப்பில் இழுத்தார்.

"கிறுக்குப் புடிச்சிருச்சா உங்களுக்கு? மூச்சு விடாம எவனால மோந்து பாக்க முடியும்?"

சுகந்தி குனிந்து காரின் அடியில் தொங்கும் ஒயரைப் பார்த்தார்.

நாச்சிமுத்துவும் பார்த்தார். திட்டத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"அதுவுமா மூச்சு விடுது?"

"வெளிக்காத்து என்னன்னு தெரிஞ்சாத்தானுங்க உள்ள இருக்கிற புகை என்னன்னு அதுக்குத் தெரியும். ரெண்டையும் ஒப்பிட்டுத்தான் பேசும்."

"எது வழியா இழுக்கும்? அது ஒடம்பெல்லாம் இரும்பு. ஓட்டையே கெடையாதே."

சுகந்தி மேசையிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து, வெட்டிய முனையை அவர் கண் முன்னால் நீட்டினார். உள்ளே தலைமுடி போல மெல்லிய செப்புக் கம்பிகள், ஒரு கட்டாக. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே காற்று நுழையும் இடுக்கு.

பிறகு நாச்சிமுத்து பற்றவைத்த ஜாயிண்டை அறுத்து நீட்டினார். ஈயம் இடுக்கெல்லாம் ஓடிப் புகுந்து, எல்லாம் ஒரே கட்டியாக இருந்தது. சுத்தமான வேலை.

நாச்சிமுத்து பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்தார்.

"கழுத்தைப் புடிச்சு நெரிச்சிருக்கேன்," என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து கையை நீட்டினார். சுகந்தி கட்டரைக் கொடுத்தார். நாச்சிமுத்து காரின் அடியில் போய் மீதி மூன்றையும் தானே வெட்டினார். டக். டக். டக்.

சின்னப் பித்தளைக் குழல்களில் ஒயர் முனைகளை இரண்டு பக்கமும் நுழைத்து, இடுக்கியால் நசுக்கி, மேலே தளர்வாக ஓர் உறை போட்டு, தண்ணீர் படாத இடமாகத் தூக்கிக் கட்டினார்கள். பார்க்க ரோட்டோரச் செருப்பு ரிப்பேர் மாதிரி இருந்தது. நாச்சிமுத்துவின் கை தன்னால் பைக்குள் போனது.

"ஒரே ஒரு சொட்டு ஈயம், அம்மணி. புடிமானத்துக்கு."

சுகந்தி உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார்.

நாச்சிமுத்து பையை மூடினார்.

வண்டியைக் கிளப்பிச் சூடேற விட்டார்கள். கறுப்பு சாம்பலாகி, சாம்பல் ஒன்றுமில்லாமல் போனது. புகை மீட்டரின் எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஜெயசீலி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"செத்தது எழுந்திருச்சிருச்சா?"

"சாகவே இல்லீங்க," என்றார் சுகந்தி.

நாச்சிமுத்து மெல்லத் திரும்பினார். "அப்ப மொதல்ல கழட்டுன ரெண்டு?"

"எங்க வெச்சிருக்கீங்க?"

"குப்பையில போட்டுட்டனே."

ஜெயசீலி விரல்விட்டு அந்த இரண்டின் விலையைக் கூட்ட ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை ஆய்வில் புகை தேறியது. ஆய்வாளர் தாளின் மேல் ஸ்டாம்பைக் கொண்டுபோனவர், என்ன நினைத்தாரோ, குனிந்து காரின் அடியில் எட்டிப் பார்த்தார். ஸ்டாம்ப் அந்தரத்தில் நின்றது.

"யாருங்க இந்த ஒயரைச் சேர்த்தது?"

"நானுங்க," என்றார் நாச்சிமுத்து.

"இத்தனை வருஷம் தொழில் பண்றேங்கறீங்க, கன்னாபின்னான்னு நசுக்கி வெச்சிருக்கீங்க. ஈயம் வெச்சுப் பத்த வெக்கக்கூடவா தெரியாது?"

ஜெயசீலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் எவரும் இந்தக் கேள்வியை இந்த மனிதரிடம் கேட்டதில்லை. நாச்சிமுத்துவின் காது மடல் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது.

அவர் ஒரு மூச்சு இழுத்தார்.

"தெரியாதுங்க," என்றார்.

ஸ்டாம்ப் இறங்கியது.