கமெலான் வாசித்த தமிழ்ச் சங்கம்

நெதர்லாந்தில் மனிதர்களைவிடச் சைக்கிள்கள் அதிகமாக வசிக்கும் ஒரு சின்ன ஊரில் ஒரு தமிழ்ச் சங்கம் இருந்தது. அதில் மொத்தம் ஐந்து பேர். கந்தப்பன் தலைவர். தெய்வசிகாமணி செயலாளர். இருதயராஜ் பொருளாளர். அவர் மனைவி பிலோமினா துணைத் தலைவர். மிச்சமிருந்த குத்புதீன் வருத்தப்படக் கூடாது என்று அவருக்குக் கௌரவ ஆலோசகர் பதவி. சாதாரண உறுப்பினர் என்று அந்தச் சங்கத்தில் யாரும் கிடையாது.

ஐந்து பேரும் மெத்தப் படித்தவர்கள். பெரிய கம்பெனியில் பெரிய இயந்திரங்களைச் செய்கிற என்ஜினியர்கள். கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்வார்கள் என்று அலுவலகத்தில் நல்ல பெயர். கையேடு இல்லாத இடத்தில் இவர்கள் என்ன செய்வார்கள் என்று கம்பெனி யோசித்துப் பார்த்ததில்லை. யோசித்திருந்தால் தூக்கம் போயிருக்கும்.

அந்த வருடம் பொங்கலைக் கந்தப்பன் வீட்டு மூன்றாவது மாடியில் வைத்தார்கள். பால் பொங்கியது, புகை கிளம்பியது, கூரையிலிருந்த கருவி அலறியது. தீயணைப்பு வண்டி வந்து பொங்கலை அணைத்துவிட்டுப் போனது. அடுத்த பொங்கலுக்கு ஹால் இல்லாமல் முடியாது என்று சங்கம் தீர்மானம் போட்டது. தீர்மானம் போடுவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

ஊரில் இருந்தது ஒரே ஒரு ஹால். மேயரம்மா ஒரு நிபந்தனை சொன்னார். அந்த ஹாலில் பாலித் தீவிலிருந்து வந்த ஒரு கமெலான் வாத்தியத் தொகுதி சும்மா கிடக்கிறது. வாசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வயதாகி முட்டி மடங்கவில்லை. அதை யார் கற்றுக்கொண்டு செப்டம்பர் கலைவிழாவில் வாசிக்கிறார்களோ அவர்களுக்கு ஹால் சாவி.

"கமெலான்னா ஒட்டகமா?" என்று கேட்டார் இருதயராஜ்.

"வாத்தியம்னு சொல்றாங்கல்ல. ஒட்டகத் தோல்ல செஞ்சதா இருக்கும்" என்று விளக்கினார் கந்தப்பன். தலைவர் என்றால் சும்மாவா?

போய்ப் பார்த்தால் தோலைவிட வெண்கலம்தான் அதிகம். சட்டங்களில் வரிசையாக வெண்கலப் பட்டைகள். கவிழ்த்து வைத்த குடங்கள் போல இன்னொரு வரிசை. ஒரு முரசு. எல்லாவற்றுக்கும் பின்னால், நம்மூர்ச் சேகண்டிக்குப் பெரியப்பா முறை ஆகவேண்டிய ஒரு மாபெரும் சேகண்டி, மரச்சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சொல்லிக்கொடுக்க வந்தவர் சுகெர்த்தி அம்மா. பாலித் தீவில் பிறந்து, டச்சுக்காரரைக் கட்டிக்கொண்டு, அந்த ஊர்க் குளிரில் பல வருடம் கழித்தவர். பொறுமைசாலி. அதுவரை.

முதல் நாள் அவர் சொன்னார்: "இந்த வாத்தியங்களுக்கு உயிர் இருக்கு. செருப்பைக் கழட்டிட்டு, அதுகிட்ட அனுமதி கேட்டுட்டு உட்காருங்க. நான் காபி போட்டுக்கிட்டு வர்றேன்."

அவர் காபியோடு திரும்பியபோது ஐந்து பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏன் உட்காரலை?"

"கேட்டுட்டோம்மா. இன்னும் பதில் வரலை" என்றார் தெய்வசிகாமணி.

"தமிழ்ல கேட்டா அதுக்கு எப்படிங்க புரியும்?" என்றார் பிலோமினா. "இவ்வளவு வருஷம் இந்த ஊர்ல இருக்கு. டச்சுல கேளுங்க."

டச்சில் கேட்டார்கள். வாத்தியங்கள் யோசித்துக்கொண்டே இருந்தன. சுகெர்த்தி அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கால் கடுத்துப்போன குத்புதீன் பின்பக்கமாகச் சாய, அவர் முழங்கை பட்டுப் பெரிய சேகண்டி 'போம்ம்' என்றது.

"சரின்னு சொல்லிடுச்சு!" என்று கந்தப்பன் முதல் ஆளாக உட்கார்ந்தார்.

இரண்டாம் வகுப்பில் சுகெர்த்தி அம்மா, "முரசுதான் இங்கே தலைவர். முரசு சொல்றபடிதான் எல்லாரும் போகணும்" என்றார்.

கந்தப்பனின் முகம் சுருங்கியது. "அம்மா, ஒரு சந்தேகம். ஏற்கெனவே ஒரு தலைவர் இருக்கும்போது இன்னொருத்தரை எப்படி நியமிச்சீங்க?"

"அது முரசுங்க."

"முரசா இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அவசரக் கூட்டம் கூடியது. முரசும் தலைவர், கந்தப்பனும் தலைவர், ஆகவே இருவரும் சேர்ந்தே இருப்பது என்று முடிவாகி, முரசு அவர் மடியில் ஏறியது. அவருக்குத் தாளத்தோடு எந்தக் காலத்திலும் பேச்சுவார்த்தை கிடையாது. இருந்தாலும் ஒரே வேகத்தில் விடாமல் தட்டுவார். அலுவலகத்தில் அவர் மேஜையைத் தட்டுவதும் அப்படித்தான்.

இருதயராஜுக்கும் பிலோமினாவுக்கும் ஜோடி வாத்தியங்கள் கிடைத்தன. "ஆளுக்குப் பாதிப் பாட்டு வாசிக்கணும். ரெண்டும் பின்னிக்கிட்டு ஒரே பாட்டாக் கேட்கணும்" என்றார் சுகெர்த்தி அம்மா. ஒருவர் விடுகிற இடத்தில் மற்றவர் ஒலிக்க வேண்டும் என்று அர்த்தம்.

அடுத்த வாரம் பிலோமினா மட்டும் வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் எங்கே?"

"முதல் பாதி என்னுது. நான் முடிச்சதும் போன் பண்ணினா அவர் கிளம்பி வந்து ரெண்டாம் பாதியை வாசிச்சிடுவார். பிள்ளையைப் பார்த்துக்க ஆள் வேணுமில்ல?"

சுகெர்த்தி அம்மா ஜன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய்க்காலில் வாத்துகள் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்காமல் நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தன.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். தெய்வசிகாமணி செய்தது அப்படியல்ல.

அவருக்குக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. ஜோடி வாத்தியங்களில் ஒன்றின் சுதி மற்றதைவிட ஒரு துளி ஏறியிருப்பதைக் கைப்பேசியை வைத்து அளந்து கண்டுபிடித்துவிட்டார். பாலித் தீவில் அதை வேண்டுமென்றேதான் அப்படிச் செய்வார்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது சத்தம் அலையடிக்கும், மினுங்கும். தெய்வசிகாமணி யாரிடமும் கேட்கவில்லை. அரம் கொண்டுவந்தார். சுகெர்த்தி அம்மா உள்ளே வந்தபோது ஒரு பட்டையைத் தேய்த்து முடித்து, இரண்டாவதில் கை வைத்திருந்தார்.

"இத்தனை வருஷமா பழுதோட வாசிச்சிருக்காங்கம்மா. ஒருத்தரும் கவனிக்கலை" என்றார் பெருமையாக.

சுகெர்த்தி அம்மா அந்தப் பட்டையைக் கையில் எடுத்து விரலால் தடவினார். கண் கலங்கிவிட்டது. "இதைச் செஞ்ச கொல்லரோட பட்டறை பாலியில எங்க வீட்டுக்கு அடுத்த தெரு" என்றார். பிறகு, "இனிமே எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் மனசு கேட்காமல் வந்து பார்த்தார். ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்து, வாத்தியத்தில் கை படாமல், காற்றில் அடித்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள்.

"தலைவரே, நீங்க முந்திட்டீங்க" என்று பிலோமினா குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் வாசித்து அவர் கேட்டதிலேயே அதுதான் சிறந்த வாசிப்பு. சுகெர்த்தி அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேய்ந்த பட்டையை மட்டும் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, மறுபடி சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். அங்கேதான் அவர் தவறு செய்தார்.

விழா நாள் வந்தது. அதே ஹாலில், பிற்பகல் நிகழ்ச்சி. மேயரம்மா சாவியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுகெர்த்தி அம்மா திரைக்குப் பின்னால் கடைசியாகச் சொன்னார்:

"நல்லாக் கேட்டுக்குங்க. பெரிய சேகண்டி ஒலிச்சாத்தான் பாட்டு முடியும். அது கேட்கிறவரைக்கும் என்ன ஆனாலும் நிறுத்தாதீங்க. கூட்டத்தைப் பார்க்காதீங்க, என்னையும் பார்க்காதீங்க." பிறகு சேகண்டிப் பொறுப்பிலிருந்த குத்புதீனிடம், "அதைப் போட்டு அடிக்கக் கூடாது. தூங்குற குழந்தையைத் தொடுற மாதிரித் தொடணும்" என்றார்.

குத்புதீன் வீட்டில் நிஜமாகவே ஒரு கைக்குழந்தை இருந்தது. தூங்குகிற குழந்தையை எப்படித் தொட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது முழித்துக்கொண்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

பாட்டு ஆரம்பித்தது. ஆச்சரியம், நன்றாகவே போனது. முன்வரிசையில் சுகெர்த்தி அம்மாவே நிமிர்ந்து உட்கார்ந்தார். முடிகிற இடம் வந்தது. குத்புதீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோலால் சேகண்டியைப் பூப்போலத் தொட்டார். சேகண்டி நன்றாகத் தூங்கியது.

மற்ற நால்வருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஆகவே பாட்டு முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

மறுபடியும் முடிகிற இடம். மறுபடியும் பூ. மறுபடியும் முதலிலிருந்து.

கலைவிழா ரசிகர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புரியாத ஒன்று சீக்கிரம் முடிந்தால் அவர்கள் சந்தேகப்படுவார்கள். முடியவே இல்லை என்றால் அது உயர்ந்த கலை. தாடி வைத்த ஒரு பெரியவர் கண்ணை மூடி, கன்னத்தில் நீர் வழிய, "காலமே உறைந்துவிட்டது" என்றார். உறைந்தது அவருடைய கால். அடுத்து ஆட வேண்டிய மரக்கட்டைச் செருப்பு நடனக்காரர்கள் ஓரத்தில் நின்று நின்று, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சுகெர்த்தி அம்மா கையை ஆட்டினார், கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினார், எழுந்து குதித்தார். அவரைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் ஒருவரும் பார்க்கவில்லை.

"ஏங்க, சாம்பாரை அடுப்புல வச்சுட்டு வந்தேன்" என்று வாசித்தபடியே கிசுகிசுத்தார் பிலோமினா.

"அணைச்சியா?"

"அதைத்தான் ரொம்ப நேரமா யோசிக்கிறேன்."

"விடு. தீயணைப்புக்காரங்களுக்குத் தமிழ்ச் சங்கத்துக்காரங்க வீடெல்லாம் தெரியும்."

பொறுக்க முடியாமல் சுகெர்த்தி அம்மா மேடையேறினார். குத்புதீன் கையிலிருந்த கோலைப் பிடுங்கி, ஆறு மாதக் கோபத்தையும் சேர்த்து, சேகண்டியில் ஓங்கி ஒரு அடி. ஹால் அதிர்ந்தது. பாட்டு நின்றது. மிச்சமிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேயரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியோடு மேடையை நோக்கி வந்தார்.

தெய்வசிகாமணி கையைத் தூக்கினார். "தலைவரே, ஒரு ஆட்சேபணை. சேகண்டி கௌரவ ஆலோசகர் பொறுப்புல இருக்கு. அதை அடிச்சவங்க சங்க உறுப்பினரே இல்லை. இந்த முடிவு செல்லுமா?"

மேடையிலேயே கூட்டம் கூடியது.

"பாவம், அந்தம்மா நல்லாத்தான் அடிச்சாங்க" என்றார் இருதயராஜ்.

"நல்லா அடிச்சாங்களாங்கிறது கேள்வி இல்லை. அதிகாரம் இருக்கா?" என்றார் கந்தப்பன். "நாளைக்கு யாராவது 'பாட்டை முடிக்காமலே ஹாலை வாங்கிட்டாங்க'ன்னு சொன்னா சங்கத்துக்கு அசிங்கம்."

ஓட்டெடுப்பு நடந்தது. முடிவு செல்லாது என்று முடிவாயிற்று. ஐந்து பேரும் உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினார்கள்.

சுகெர்த்தி அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். கூட்டம் மெதுவாகக் கரைந்தது. கடைசியில் மேயரம்மா சாவியைக் கந்தப்பன் முழங்கால் அருகே வைத்து, "ஹால் உங்களுக்குத்தான். பொங்கலுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். இது முடிந்ததும் கதவைப் பூட்டிவிட்டு, சாவியைக் கதவிலிருக்கிற தபால் துவாரத்தில் போட்டுவிடுங்கள். காலையில் ஆள் வந்து எடுத்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

சாயங்காலம் குத்புதீன் மனைவியிடமிருந்து போன் வந்தது.

"தலைவரே, குழந்தை முழிச்சுக்கிச்சாம்" என்றார் குத்புதீன். இனிமேல் எதற்குப் பயப்பட வேண்டும்? ஓங்கி அடித்தார். பாட்டு சட்டப்படி முடிந்தது.

முதல் பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்ததற்காக இன்னும் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்த சுகெர்த்தி அம்மாவின் கைப்பேசி மணி அடித்தது.

"அம்மா, கந்தப்பன் பேசறேன். எல்லாம் உங்க ஆசீர்வாதம். பாட்டை முடிச்சோம். ஹால் கிடைச்சாச்சு. மேயரம்மா சொன்னபடி கதவைப் பூட்டினோம், சாவியைத் துவாரத்துல தள்ளினோம், வெளிப்படிக்கட்டுல விழுந்த சத்தம்கூடக் கேட்டுச்சு."

"ரொம்ப சந்தோஷம். இப்போ எங்கே இருக்கீங்க?"

"ஹால்லதான்."

சுகெர்த்தி அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். தூரத்தில் பஸ் வந்துகொண்டிருந்தது.

"பயப்பட ஒண்ணுமில்லைம்மா" என்றார் கந்தப்பன். "யாராவது ஒருத்தர் வெளியே போய்ச் சாவியை எடுத்துட்டு வந்து கதவைத் திறக்கணும்னு தீர்மானம் போட்டாச்சு. குத்புதீனை ஏகமனதாத் தேர்ந்தெடுத்திருக்கோம். வெளியே குளிரா இருக்கும்ல, கோட்டு மாட்டிக்கிட்டு இருக்கார்."